களம் தேடும் இளங்கலைஞர்

தலைநகர் தில்லியில் பயிலும் தமிழ் மாணவர் சிலர், ஒரு சண்டைப் படத்துக்குரிய முன்னோட்டத்தை இரண்டு நிமிட அளவில் தாமே எடுக்க முற்பட்டனர். கையிலோ கைப்பேசி ஒன்றே, ஆர்வமோ அளவிறந்தது. இடந்தேடும் பொறுப்பில் நம்மையும் சேர்த்துக்கொண்டனர்.

அவர்கள் முதலில் விரும்பியது இருப்புப்பாதை. ஓடிவரும் வண்டியின் முன்னே கதாநாயகன் பாய்வதாகக் காட்சி! நாம் உடன்படவில்லை. உரிமையின்றி அங்கு நுழைவோர்க்கு ஆறு திங்கள் வரை சிறைத்தண்டனை விதிக்க 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டம் இடந்தருகிறது. சட்டத்தினும் பெரிது உயிர். பேருருவம் உடைய பொருள் விரைந்து வரினும் மெல்ல வருவதாகவே கண்ணுக்குத் தோன்றும். அந்த மயக்கமே பலரை மாய்த்துள்ளது.

அடுத்து துக்ளகாபாத் கோட்டையை நாடினர். 1321ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கிய அதன் சாய்ந்த பெருமதில்கள் போர்க்காட்சிக்குப் பொருந்துவனவே. ஆயினும், பாதுகாக்கப்பட்ட தொல்சின்னங்களில் படமெடுக்க 1959ஆம் ஆண்டு விதிகளின்படி தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும்.

அங்ஙனமாயின் வழி யாது? முன்னோட்டத்தில் ஒவ்வொரு காட்சியும் இரண்டொரு நொடியே நிற்கும். ஆதலின் இடத்தின் பெருமையன்று, பார்த்தவுடன் விளங்கும் அதன் வடிவமே முக்கியம். 1975இல் வெளிவந்த 'ஷோலே' படத்தின் கொள்ளையர் நாட்டைப் பெங்களூருக்கு அருகிலுள்ள இராமநகரத்துப் பாறைக் குன்றுகளே நமக்குக் காட்டின. வசனம் எழுமுன்னரே பாறை அச்சத்தை ஊட்டிவிடுகிறது.

இவ்வியல்பு எளிய இடங்களுக்கும் உண்டு. தாழ வைத்த கருவி சிறு சுவரையும் மதிலாக உயர்த்தும். அருகில் தூண்களோ மரங்களோ இடையிட, அவற்றின் பின்னே ஓடுபவன் மேலும் விரைபவனாகத் தோன்றுவான். ஒரே படிக்கட்டை நான்கு திசைகளிலிருந்து எடுப்பின் நான்கு இடங்களாகும். காலை வெயில் எச்சுவரில் விழுகிறது, தரை வழுக்குமா, வழிப்போக்கர் வருவரா என்பவற்றை முன்னாளிலேயே அதே வேளையில் சென்று பார்த்தல் நன்று.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இன்னும் ஒரு கடமை உண்டு. பொம்மைத் துப்பாக்கியுடன் இளைஞர் தமிழில் கூவி ஓடினால், மொழியறியா அயலார் அதனை விளையாட்டென எங்ஙனம் அறிவர்? இடத்துக்கு உரியவரின் இசைவைப் பெற்று, காவல் நிலையத்துக்கு எழுத்து மூலம் அறிவித்து, அக்கம்பக்கத்தாரிடம் அவர்தம் மொழியில் இரண்டு சொற்கள் கூறுதல் வேண்டும்.

முடிவில் மாணவர்கள் தேர்ந்தது, முதல்வர் இசைவளித்த கல்லூரியின் பின்புறப் படிக்கட்டு. நாள்தோறும் அதில் ஏறியிறங்கியும் அதன் அழகை அவர்கள் கண்டதில்லையாம். அன்று மாலை அனைவரும் நலமே விடுதி திரும்பினர். ஊரிலுள்ள அவர்தம் அன்னையர்க்கு அதனினும் இனிய செய்தி வேறில்லை.