குழந்தையை யாரிடம் விடுவது?

பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் சாலையின் ஓரத்தில், சின்ன வெங்காயம் பயிரிட்டிருந்த ஒரு கொல்லை. அதன் வரப்பில் நின்ற வேப்ப மரத்தின் கிளையிலிருந்து பழம் புடவைத் தூளி ஒன்று தொங்கிக் கொண்டிருந்தது. தூளிக்குள் குழந்தை தூங்கிற்று. அதன் அக்காள், அவளுக்கே ஐந்து வயது நிரம்பியிருக்குமோ என்னவோ, ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டு மறு கையால் மண்ணில் கோடு கிழித்துக் கொண்டிருந்தாள். தாயார் பத்துப் பாத்திகளுக்கு அப்பால் குனிந்து களை பறித்துக் கொண்டிருந்தாள். சிறிது நேரத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து மரத்தடியைப் பார்ப்பாள், மறுபடியும் குனிவாள்.

அன்று நாம் பிரயாணம் புறப்பட்ட காரியமும் ஏறக்குறைய இதுவேதான். நம் சிநேகிதர் ஒருவர் அரியலூரில் சிமெண்டுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அவருடைய மனைவிக்குப் பெரம்பலூரில் உத்தியோகம். வீடும் அங்கேதான். இவ்விரு ஊர்களும் முன்னே திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் அடங்கியிருந்தவை. 1995-இல் பெரம்பலூர் தனி ஜில்லா ஆயிற்று. அரியலூர் அதிலிருந்து 2001-இல் பிரிந்து, 2002-இல் திரும்பக் கூடி, 2007-இல் மறுபடியும் தனிக்குடித்தனம் போய்விட்டது. இடையிலே சுமார் 30 கிலோமீட்டர் தூரம். அரியலூரில் ரயில் நிற்கும். பெரம்பலூருக்கு ரயிலே கிடையாது. ஆகையால் சிநேகிதர் காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவார்.

குழந்தைக்கு இரண்டு வயதும் மூன்று மாதமும் ஆகின்றன. இதுவரையில் அவனைப் பார்த்துக் கொண்டவர் அப்பாயி. அந்தப் பக்கத்தில் தகப்பனைப் பெற்றவளை அப்பாயி என்றுதான் அழைப்பார்கள். அப்பாயிக்கு முழங்கால் வலி. பேரனுக்கோ காலில் சக்கரம். "சாப்பிட்டுத் தூங்கிட்டான்னா அப்புறம் பொழுது சாயுற வரைக்கும் நான் பார்த்துக்கிடுவேன். காலையிலேதான் முடியலை. ஓடுறவன் பின்னாலே நான் எங்கே ஓட?" என்றார் அந்த அம்மாள். ஆக, அவர்களுக்கு வேண்டியது அரை நாள் ஏற்பாடு. காலை ஒன்பது மணியிலிருந்து பகல் ஒரு மணி வரையில் யாராவது ஒருவர் குழந்தையைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்பாயிக்கு இதில் ஓர் ஆட்சேபமும் இருந்தது. பெரம்பலூருக்கு அருகே சிறுவாச்சூரில் கோயில் கொண்டிருக்கும் மதுரகாளியம்மன், விசேஷ தினங்கள் நீங்கலாக, திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையுமே பக்தர்களுக்குத் தரிசனம் தருகிறாள். "ஆத்தாளுக்கே வாரத்திலே ரெண்டு நாள் போதுமாம், உனக்கு எதுக்கு ஆறு நாள்?" என்று மருமகளைக் கேட்டார். "ஆத்தாளுக்கு வீட்டுக் கடன் தவணை கிடையாதே, அத்தை!" என்றாள் மருமகள். அதற்குமேல் அந்த விவாதம் நடக்கவில்லை.

முதலில் தனியார் விளையாட்டுப் பள்ளி ஒன்றுக்குப் போனோம். சுவரெல்லாம் யானையும் முயலும் வர்ணத்தில் சிரித்தன. நடத்தும் அம்மாள் நம்மை முன் அறையில் உட்கார வைத்து, ஆங்கிலப் பாட்டுக்களின் ஜாபிதாவையும் கட்டண விவரத்தையும் கொடுத்தார். உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டோம். வகுப்பு வேளையில் பெற்றோரை அனுமதிப்பதில்லை என்றார். கதவு சற்றுத் திறந்தபோது எட்டிப் பார்த்தோம். ஏறக்குறைய முப்பது குழந்தைகள், ஒரே ஓர் இளம் பெண், ஒரு டெலிவிஷன் பெட்டி. "எங்களிடம் குழந்தைகள் அழுவதே இல்லை" என்று பெருமையுடன் சொன்னார் அந்த அம்மாள். நமக்கு வயிற்றைக் கலக்கியது அந்த வார்த்தைதான். இரண்டு வயதுக் குழந்தைகள் முப்பது பேர் ஓரிடத்தில் அழாமல் இருக்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் ஆனந்தமாக இருக்க வேண்டிய அவசியமில்லை அல்லவா?

இங்கிலாந்தில் இரண்டு வயதுக் குழந்தைகள் ஐவருக்குப் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். 2023 வரையில் நால்வருக்கு ஒருவர் என்றிருந்தது. அதை ஐந்தாக்கியதற்கே அங்குள்ள பெற்றோர்கள் கூச்சலிட்டார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் வெளியிட்ட யோசனைகளிலோ, ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை பார்ப்பதே வேண்டாம், இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது, அதிலும் குறைவானால் விசேஷம் என்றிருக்கிறது. காசு கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பி டெலிவிஷன் பார்க்க வைப்பதென்றால், அதை வீட்டிலேயே செலவில்லாமல் செய்யலாமே!

இரண்டாவதாக, அண்டைத் தெருவில் நாலைந்து குழந்தைகளைத் தம் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் ஒரு ஸ்திரீயைக் கண்டோம். நல்ல மனுஷி, குழந்தைகள் அவருடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தன. ஆனால் கொல்லைப்புறத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை. அவருக்கே ஜுரம் வந்துவிட்டால் மாற்று ஆளும் இல்லை. தொட்டிக்கு மூடி போட்டுவிடலாம்; இரண்டாவது சங்கடத்துக்குத்தான் வழி தெரியவில்லை.

மூன்றாவது இடம் தெருக் கோடியிலேயே இருந்தது. தினந்தோறும் அதைத் தாண்டித்தான் எல்லோரும் போய் வந்தார்கள். ஆனால் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. நாம் அதைச் சொன்னபோது சிநேகிதரின் முகம் சுருங்கிற்று. "பால்வாடிக்கா? அது ஏழைக் குழந்தைகளுக்கு அல்லவா?" என்றார்.

ஏழைக் குழந்தைகளுக்கென்று ஆரம்பித்த இடம் என்பது உண்மைதான். ஆனால் இன்று நம் மத்தியதர வகுப்பார் தலையிலே வைத்துக் கொண்டாடும் மாண்டிஸோரி முறை எங்கே பிறந்தது தெரியுமா? 1907-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 6ந் தேதி, ரோமாபுரியில் ஸான் லோரென்ஸோ என்னும் ஏழைத் தொழிலாளர் பேட்டையில் பிறந்தது. தாய் தந்தையர் வேலைக்குப் போன பிறகு, கவனிப்பாரின்றி மாடிப்படிகளிலும் சுவர்களிலும் கை வரிசையைக் காட்டிக் கொண்டிருந்த பிள்ளைகளைப் பகலில் அடக்கி வைப்பதற்காகத்தான் டாக்டர் மரியா மாண்டிஸோரியிடம் அந்த அறையை ஒப்படைத்தார்கள். அவர் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். யுத்தத்தின் காரணமாக 1946 வரையில் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. ஏழைக் குழந்தைகளிடம் கற்ற பாடம் அப்புறம் பணக்காரர்களின் பள்ளிக்கூடமாகி விட்டது!

நமது அங்கன்வாடிக்கும் ஒரு தமிழ் சம்பந்தம் உண்டு. 1970-ஐ ஒட்டிய வருஷங்களில், பள்ளிப் பருவத்துக்கு முந்திய குழந்தைகளின் வளர்ச்சியைப் பற்றி ஆராயச் சர்க்கார் ஒரு குழுவை நியமித்தது. அதற்குத் தலைமை வகித்தவர் ஸ்ரீமதி மினா ஸ்வாமிநாதன். 'கிருத்திகா' என்ற பெயரில் தமிழில் நாவல்கள் எழுதிய மதுரம் பூதலிங்கத்தின் புதல்வி. சிறு குழந்தைக்குச் சோறு ஓரிடம், மருந்து ஓரிடம், படிப்பு ஓரிடம் என்று பிரித்துக் கொடுத்தால் ஒன்றும் போய்ச் சேராது. எல்லாம் ஒரே முற்றத்தில் கிடைக்க வேண்டும் என்பது அந்தக் குழுவின் யோசனைகளின் சாரம். 1975-ஆம் வருஷம் காந்தி ஜயந்தியன்று தேசத்தில் 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. 'ஆங்கன்' என்றால் ஹிந்தியில் முற்றம். தெருவிலுள்ள குழந்தைகளெல்லாம் ஒன்றாகப் புரண்டு வளர்ந்த பழைய வீட்டு முற்றம் என்றே பொருள் கொள்ளலாம். 1982 ஜூலை மாதம் முதலமைச்சர் எம். ஜி. ராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது இரண்டு வயதுக் குழந்தைக்கும் அதில் இலை போட்டார்கள். இன்று தமிழ்நாட்டில் இத்தகைய மையங்கள் 54,000-க்கு மேல் இருக்கின்றன.

சிநேகிதரை ஒருவாறு சமாதானம் செய்து அழைத்துப் போனோம். முன்கூட்டிச் சொல்லாமல், காலை பதினொரு மணிக்குப் போனோம். எங்கே சேர்ப்பதாயிருந்தாலும் அந்த வேளையில் போவதே நலம் என்பது நம் அபிப்பிராயம். காலையில் எல்லா இடமும் பெருக்கி மெழுகியிருக்கும். பதினொரு மணிக்குத்தான் குழந்தைகளுக்குச் சலிப்புத் தட்டும், பசி எடுக்கும், பெரியவர்களின் பொறுமையும் தேயும். அப்போது தெரிவதுதான் அந்த இடத்தின் உண்மையான முகம்.

பதினாறு குழந்தைகள் இருந்தார்கள். டீச்சரம்மாள் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். ஐந்தாறு பேர் பாடினார்கள், மற்றவர்கள் தங்கள் தங்கள் காரியத்தைப் பார்த்தார்கள். ஒரு குழந்தை இருந்த இடத்திலேயே ஈரம் செய்துவிட்டது. நாம் ஆயாவின் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தோம். அவர் அதட்டவில்லை, முகம் சுளிக்கவுமில்லை. "எந்திரிடா ராசா" என்று தூக்கிக் கொண்டுபோய்க் கழுவி, வேறு சட்டை மாட்டி, தரையையும் துடைத்துவிட்டு உலைக்கு அரிசி களையப் போனார், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்ட பிறகு. சுவரில் யானை இல்லை. ஆனால் குழந்தையின் தாயார், "அத்தை, இங்கேயே விட்டுவிடலாம்" என்று அந்த நிமிஷமே மாமியாரின் காதில் சொல்லிவிட்டாள்.

இடம் பூலோக சொர்க்கம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு டீச்சர், ஒரு உதவியாளர். அவர்களுக்கே தடுப்பூசிக் கணக்கு, எடைக் கணக்கு, கர்ப்பிணிகள் கணக்கு. போதாக்குறைக்கு அத்தனையையும் கைத் தொலைபேசியில் பதிவு செய்தாக வேண்டும். கணக்கு எழுதும் வேளையில் குழந்தைகளின் பக்கம் பார்வை குறையத்தான் செய்யும். இரண்டு வயது நிரம்பாத குழந்தையைப் பகலில் வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள். அதற்காக 2022-இல் மத்திய சர்க்கார் 'பால்னா' என்ற திட்டத்தில், ஆறு மாதக் குழந்தை முதற்கொண்டு பார்த்துக்கொள்ளும் காப்பகத்தோடு கூடிய அங்கன்வாடிகளுக்கு ஏற்பாடு செய்தது. உங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று உண்டா என்பதை வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் விசாரித்துக் கொள்ளலாம். முட்டை சாப்பிடாத வீட்டுக் குழந்தைக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். அதற்காக யாரும் தயங்க வேண்டியதில்லை.

அப்பாயி மட்டும் தலையை நிமிர்த்திக் கூரையையே பார்த்துக் கொண்டிருந்தார். ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதாக நினைத்தோம். விஷயம் வேறு. கொள்ளிடத்துக்கு அக்கரையிலுள்ள கும்பகோணத்தில், 2004-ஆம் வருஷம் ஜூலை மாதம் 16ந் தேதி, ஒரு பள்ளிக்கூடச் சமையற்கட்டில் மூண்ட தீ கீற்றுக் கூரையில் தாவி 94 குழந்தைகளைக் கொண்டு போயிற்று. அந்தப் பக்கத்துப் பாட்டிமார்கள் அதை மறக்கவில்லை. இங்கே கட்டிடம் காங்கிரீட்டு. அடுப்பறைக்குத் தனிக் கதவு. வெளியே போவதற்கு இரண்டு வழி. அப்பாயி இரண்டு கதவுகளையும் தாமே திறந்து மூடிப் பார்த்தார். வர்ணம் பூசிய பள்ளியில் இதைப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். அரியலூர்ப் பக்கம் வீடு உள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் ஓடும் சாலையை ஒட்டி வாசல் இருந்தால், எவ்வளவு நல்ல டீச்சராயிருந்தாலும் அந்த இடம் வேண்டாம்.

இத்தனை அலைச்சலும் எதற்கு, வேலை செய்யும் இடத்திலேயே காப்பகம் இருக்கக் கூடாதா என்று வாசகர்கள் கேட்கலாம். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் ஐம்பதுக்கு மேல் பெண் தொழிலாளர் உள்ள ஆலைகளில் காப்பகம் வேண்டும் என்றது. 1976-இல் அந்தக் கணக்கை முப்பதாகக் குறைத்தார்கள். பெண்களை மட்டும் எண்ணினார்கள். குழந்தைக்குத் தகப்பன் என்று ஒருவன் உண்டென்பதே சட்டம் செய்தவர்களுக்கு அப்போது தோன்றவில்லை! 2017-இல் பிரசவ நலச் சட்டத்தைத் திருத்தியபோதுதான், ஆணும் பெண்ணுமாக ஐம்பது ஊழியர்கள் இருந்தாலே காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு தடவை போய்ப் பார்த்து வரலாம் என்று எழுதினார்கள். 2020-இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது சேர்ந்திருக்கிறது. சிநேகிதர் அரியலூர்க் காப்பகத்தில் பிள்ளையை விடுவதானால், தினம் 60 கிலோமீட்டர் அவனையும் பஸ்ஸில் குலுக்க வேண்டும். ஆகவே அந்த யோசனை பேச்சளவில் நின்றது. வெங்காயக் கொல்லைக்கோ எந்தச் சட்டமும் கிடையாது. தூளியை ஆட்டிக் கொண்டிருந்த அந்தச் சிறுமிக்குப் பகலில் போக ஓரிடம் உண்டென்றால், அது இந்த முற்றம் ஒன்றுதான். அவள் அங்கு வந்து உட்கார்ந்தால், சிநேகிதரின் பிள்ளைக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். சிநேகிதரின் முகம் சுருங்கியதற்கு உண்மையான காரணமும் அதுவாக இருக்கலாம். இரண்டு நாள் கழித்து அவரே அதைச் சொல்லிச் சிரித்தார்.

சேர்க்கிற நாள் வந்தது. முதல் நாள் அப்பாயி கூடவே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்து அழைத்து வந்துவிட்டார். இரண்டாம் நாள் அவன் ஆயாவோடு அரிசியைப் பார்க்கப் போன சமயத்தில் நழுவிவிடலாம் என்றார் அப்பாயி. டீச்சரம்மாள் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "சொல்லாமப் போனீங்கன்னா நாளைக்கு உங்க முந்தானையை விடவே மாட்டான், பாட்டி. 'சோறு தின்னதும் வருவேன்'னு சொல்லிட்டுப் போங்க. அழட்டும், நான் வெச்சுக்கிறேன்" என்றார். அழுதான். தெருக் கோடியிலிருந்து வீடு வரையில் கேட்டது. மூன்றாம் நாள் அதைவிடப் பலமாக அழுதான். அப்பாயியும் வீட்டில் உட்கார்ந்து அழுதார். தாயார் ஆபீஸிலிருந்து நாலு தடவை டெலிபோன் செய்தாள். பகல் ஒரு மணிக்குச் சொன்ன சொல் தவறாமல் அப்பாயி போய் வாசலில் நின்றார், அவன் பார்த்தான்.

நான்காம் நாள் அழுகை பத்து நிமிஷத்தில் ஓய்ந்துவிட்டதாகத் தகவல். அன்று அப்பாயி அழைத்து வந்தபோது, அவன் வேறு யாருடைய செருப்பையோ கால் மாற்றி மாட்டிக்கொண்டு வந்தான். எவ்வளவு சொல்லியும் கழற்றவில்லை, அதோடேயே தூங்கிவிட்டான். மறுநாள் காலையில், செருப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று, எல்லோருக்கும் முன்னால் அவன்தான் வாசற்படியில் வந்து நின்றானாம்.