அரசியர் நினைவாலயமும் சாசனச் சான்றும்

அரசி ஒருத்தியின் பெயர் தாங்கிய கட்டடம் அவளுடைய கல்லறையாதல் வேண்டும் என்னும் நியதியில்லை. வடிவம் மட்டும் ஒரு கட்டடத்தின் நோக்கத்தை உணர்த்தாது. எழுத்துச் சான்றே அதனைத் தெளிவாக்கும்.

எகிப்து நாட்டிலே, கீசாவிலுள்ள கூபு மன்னனின் பெரும் பிரமிட்டுக்குக் கிழக்கே அரசியருக்குரிய சிறு பிரமிட்டுகள் நிற்கின்றன. அவற்றின் அருகே 1925ஆம் ஆண்டில் றைஸ்னர் தலைமையிலான குழுவினர் ஏறத்தாழ 27 மீற்றர் ஆழமான நிலவறை ஒன்றைக் கண்டனர். பொற்றகடு வேய்ந்த கட்டிலும் நாற்காலிகளும் ஆங்கிருந்தன. பொன்னாற் பொறித்த எழுத்துக்கள், அவை கூபுவின் தாயாகிய ஹெத்தெப்பெரசுக்கு உரியன என்பதைக் காட்டின. ஆயினும், 1927இல் கற்பேழையைத் திறந்தபோது அது வெறுமையாயிருந்தது. உடல் கிடைத்திலது, பெயரை எழுத்தே காத்தது.

தமிழகத்திலும் இறந்தோர்க்கு எடுத்த ஆலயங்கள் உள. அவை பள்ளிப்படை எனப்பட்டன. ஆற்றூரில் இறந்த அரிஞ்சய சோழனுக்கு முதலாம் இராசராசன் மேற்பாடியில் ஒன்று எடுப்பித்தான். குடந்தையை அடுத்த பட்டீச்சரத்தில் இராமநாதன் கோயில் என வழங்குவதும் அவ்வகையினதே. முதலாம் இராசேந்திரனின் 7ஆம் ஆட்சியாண்டுச் சாசனம், அஃதாவது ஏறத்தாழ கி.பி. 1019ஆம் ஆண்டினது, அதனைப் பஞ்சவன்மாதேவீச்சரம் என்னும் பள்ளிப்படையாகக் குறிக்கின்றது. பஞ்சவன்மாதேவி இராசராசனின் தேவியருள் ஒருத்தி. இராசேந்திரனுக்குச் சிற்றன்னை முறையினள். ஈன்றவளல்லாத ஒருத்திக்கும் மன்னன் காட்டிய மதிப்பு இதனாற் புலனாகும்.

இனி, ஈழத்தை நோக்குவோம். வந்தாறுமூலை வழியே செல்லும் புகையிரதப் பாதை பொலனறுவையையும் தொடுகின்றது. அங்கே இரண்டாம் சிவதேவாலயம் என எண்ணிடப்பட்ட கற்றளி, சாசனத்தில் வானவன்மாதேவீச்சரம் எனப் பெயர் பெறும். வானவன்மாதேவி இராசேந்திரனைப் பெற்ற தாய். ஆயின், இக்கோயிலைப் பள்ளிப்படை எனச் சாசனம் கூறவில்லை. ஆகவே, இதனை அவளது பெயரால் விளங்கும் சிவாலயம் என்றே கொள்ளல் தகும்.

இரு கோயில்களும் தோற்றத்தில் சோழர் கற்றளிகளே. அவற்றின் வேறுபாட்டை அறிவிப்பது சுவரிற் பொறித்த ஒரு சொல். அச்சொல் சுண்ணாம்புப் பூச்சில் மறையுமாயின், அல்லது திருப்பணியில் உடையுமாயின், வரலாறும் உடன் மறையும். பழங்கோயிற் சுவரெழுத்தைப் பேணுதல் கற்றோர் கடனாம்.