தீக்கு முன்னே கத்தரி

எதிர்காலச் சமூகம் ஒன்றைக் கொடுங்கனவாகச் சித்திரித்து, அதன் வழியே நிகழ்காலத்தை எச்சரிக்கும் புனைகதைகளை டிஸ்டோபியப் புனைவுகள் என்பர். இவ்வகை நாவல்களில் அறிவு அழிவதைப் பற்றிப் பேச்செடுத்தாலே நூல்கள் தீயில் கருகும் காட்சிதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் இவ்வகையின் தலைசிறந்த படைப்புகளை ஊன்றிப் படித்தால், தீ அவற்றில் கடைசியாகவே வருகிறது என்பதும், அதற்கு வெகுகாலம் முன்பே நூல்கள் சுருக்கப்பட்டும் திருத்தப்பட்டும், வாசிக்க ஆளின்றிக் கிடந்தும் பாதி அழிந்துவிட்டன என்பதும் புலப்படும். தணிக்கையை அரசு அதிகாரி கையெழுத்திடும் தடை ஆணையாக மட்டுமே புரிந்துகொள்பவருக்கு இந்நாவல்களின் மிக முக்கியமான எச்சரிக்கை கைநழுவிப் போய்விடும். வாசகரின் சம்மதத்தோடும் பதிப்பாளரின் நல்லெண்ணத்தோடும் எந்திரங்கள் தரும் வசதியோடும் ஓசையின்றி நடந்தேறும் தணிக்கையைத்தான் அவை அதிகம் அஞ்சுகின்றன.

இதற்கு ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' நாவலைவிடத் தெளிவான சான்று வேறில்லை. லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பவல் நூலக அடித்தளத்தில், அரைமணி நேரத்துக்குப் பத்து சென்ட் போட்டால் இயங்கும் வாடகைத் தட்டச்சுப் பொறிகளில், மொத்தம் 9 டாலர் 80 சென்ட் செலவில் பிராட்பரி இதன் முதல் வடிவத்தை எழுதினார். அந்தக் குறுநாவல் 1951 பிப்ரவரியில் 'கேலக்ஸி' என்ற அறிவியல் புனைகதை இதழில் வெளிவந்தது. விரித்து எழுதப்பட்ட நாவல் 1953இல் நூலாயிற்று. 1933 மே மாதம் ஜெர்மனியின் நாஜி மாணவர்கள் நூல்களைக் குவித்துக் கொளுத்தியதும், அமெரிக்காவில் செனட்டர் மெக்கார்த்தியின் காலத்தில் எழுத்தாளர்கள்மீது கவிந்திருந்த சந்தேகமும் இந்நாவலின் பின்னணியில் இருக்கின்றன. வீடுகள் அனைத்தும் தீப்பிடிக்காதவையாகிவிட்ட ஓர் எதிர்காலத்தில், தீயணைப்புத் துறையினருக்கு நூல்களைக் கொளுத்துவதே வேலையாகிவிட்டது என்பது கதையின் அடிப்படை.

எனினும், இந்நிலை எப்படி வந்தது என்பதற்கு நாவல் தரும் விளக்கம் எவரும் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறானது. நூல்களை எரித்து எரித்து மனம் கலங்கிப் படுத்துக்கிடக்கும் மோன்டாக் என்ற தீயணைப்பு வீரனின் கட்டிலருகே வந்து அமரும் அதிகாரி பீட்டி, அவனுக்குத் துறையின் வரலாற்றைச் சொல்கிறார். அந்த வரலாற்றில் முதலில் வருவது அரசாணை அல்ல. பெருங்காப்பியங்கள் கால்மணி நேர வானொலி நிகழ்ச்சிகளாகச் சுருங்கின. அவை இரண்டு நிமிடத்தில் படித்து முடிக்கும் பத்திகளாயின. இறுதியில் அகராதியில் பத்துப் பன்னிரண்டு வரிக் குறிப்புகளாக எஞ்சின. யார் மனமும் புண்படக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு தரப்பினரின் ஆட்சேபணைக்கும் ஏற்ப ஒவ்வொரு பக்கம் கிழிக்கப்பட்டது. மக்கள் தாமாகவே வாசிப்பைக் கைவிட்ட பிறகுதான் அரசு தீப்பந்தத்தை எடுத்தது. பீட்டி இந்த நாவலின் எதிர்நாயகர். ஆனால் வாசித்துத் தேர்ந்தவரும் அவரே. வரலாற்றைத் துல்லியமாக அறிந்த ஒருவரிடமே எரிக்கும் அதிகாரத்தை ஒப்படைத்தது பிராட்பரியின் ஆழ்ந்த நுண்ணறிவு என்றே கொள்ள வேண்டும்.

இந்த வீழ்ச்சியில் தொழில்நுட்பத்தின் பங்கை நாவல் மோன்டாக்கின் மனைவி மில்ட்ரெட் வழியாகக் காட்டுகிறது. அவளுடைய அறையின் மூன்று சுவர்களும் தொலைக்காட்சித் திரைகள். நான்காவது சுவரையும் திரையாக்க வேண்டுமென்று கணவனை நச்சரிக்கிறாள். இரவெல்லாம் காதுகளில் சிறு வானொலிகளைச் செருகிக்கொண்டு படுத்திருக்கிறாள். திரையில் ஓடும் நாடகத்தின் வசனப்படி அவளுக்கு அஞ்சலில் வருகிறது. அதில் ஒரு பாத்திரத்தின் வசனம் மட்டும் விடுபட்டிருக்கும், அந்த இடம் வரும்போது அவள் அதைச் சொல்ல வேண்டும், அவ்வளவே. ஓரிரவு மோன்டாக் அவளிடம் தாங்கள் முதன்முதலில் எங்கே சந்தித்தோம் என்று கேட்கிறான். அவளுக்கு நினைவில்லை, அவனுக்கும் நினைவில்லை, அவள் சிரித்துவிட்டு எழுந்து மாத்திரை விழுங்கப் போகிறாள். ஹோமரும் ஷேக்ஸ்பியரும் தொலைந்ததைக் காட்டிலும் இந்தச் சிறு மறதி வாசகரை அதிகம் உலுக்குகிறது. ஒரு சமூகத்தின் அறிவு இழப்பு ஒரு தம்பதியின் சொந்த நினைவுவரை வந்துவிட்டதை இது ஒரே பக்கத்தில் உணர்த்திவிடுகிறது.

பீட்டி சொன்ன வரலாறு அதே நாவலுக்கே நேர்ந்தது இலக்கிய வரலாற்றின் வேதனையான நிகழ்வுகளுள் ஒன்று. 1967இல் பாலன்டைன் பதிப்பகம் பள்ளி மாணவர்களுக்கென 'ஃபாரன்ஹீட் 451' நாவலின் தனிப்பதிப்பு ஒன்றை வெளியிட்டது. அதில் 75 இடங்களில் கை வைக்கப்பட்டிருந்தது. வசைச்சொற்கள் நீக்கப்பட்டன, கருக்கலைப்பைக் குறிக்கும் சொல் காணாமல் போயிற்று, குடிபோதையில் இருந்த ஒருவர் நோயாளியாக மாற்றப்பட்டார், தொப்புளில் சேரும் அழுக்கைப் பற்றிய ஒரு குறிப்புகூடக் காதைப் பற்றியதாக ஆக்கப்பட்டது. ஆறு ஆண்டுகள் மூலப் பதிப்பும் திருத்திய பதிப்பும் அடுத்தடுத்து விற்பனையாயின. 1973இலிருந்து திருத்திய பதிப்பு மட்டுமே அச்சாகியது. 1979 வரை, நூல் தணிக்கையைப் பற்றிய ஒரு நாவலைத் தணிக்கை செய்யப்பட்ட வடிவில் வாசிக்கிறோம் என்பதை அறியாமலே ஒரு தலைமுறை மாணவர்கள் அதை வகுப்பறைகளில் பயின்றனர். செய்தி தமக்கு எட்டியதும் பிராட்பரி கடும் சீற்றத்துடன் ஒரு பின்னுரை எழுதினார். முழுப் பாடம் மீட்கப்பட்டு 1980இல் மறுபடி வெளிவந்தது.

இதில் எந்த அரசும் தலையிடவில்லை, எந்த நீதிமன்றமும் ஆணையிடவில்லை. இளையோரின் நலனை எண்ணிய சில பதிப்பாசிரியர்கள் பேனாவைக் கையில் எடுத்தனர், அவ்வளவே நடந்தது. எரிக்கப்பட்ட நூல் இல்லாமல் போனது எல்லோருக்கும் தெரியும். அதன் சாம்பலே அதற்குச் சாட்சி. திருத்தப்பட்ட நூலோ அலமாரியில் அதே பெயருடன், அதே ஆசிரியர் பெயருடன் இருக்கிறது. எதை இழந்தோம் என்று கேட்கவேண்டும் என்ற எண்ணமே வாசகருக்கு எழுவதில்லை. திருத்தம் பிடிபட்டதற்குக் காரணம் ஒன்றே: 1953ஆம் ஆண்டின் பிரதிகளை எவரும் திரும்பப் பெறவில்லை, அவை நூலகங்களிலும் வீடுகளிலும் பழைய புத்தகக் கடைகளிலும் சிதறிக் கிடந்தன.

இவ்வாறு சொல்வதால் தீயின் கொடுமையைச் சிறிதாக எண்ணிவிடலாகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் அச்சு நூல்கள் பலவற்றுக்கு உலகில் வேறு பிரதிகள் இருந்திருக்கலாம், ஆனால் வேறெங்கும் பிரதியில்லாத ஓலைச்சுவடிகளுக்கும் கையெழுத்துப் படிகளுக்கும் அந்த இரவே முடிவாயிற்று. ஒரே பிரதி இருக்குமிடத்தில் தீ முழு வெற்றி பெறுகிறது. பல பிரதிகள் பலர் கையில் இருக்குமிடத்தில் அது தோற்கிறது. ஆகவே அறிவை அழிக்க நினைக்கும் அதிகாரம், எல்லாப் பிரதிகளையும் ஒரே பிரதிபோல் ஆட்டிவைக்கும் வழியைத் தேடும். ஜார்ஜ் ஆர்வெல் எழுதி 1949 ஜூனில் வெளிவந்த '1984' நாவல் இந்தத் தேடலைத்தான் விவரிக்கிறது.

அதன் நாயகன் வின்ஸ்டன் ஸ்மித் வேலை பார்க்குமிடம் உண்மை அமைச்சகத்தின் ஆவணத் துறை. பழைய நாளிதழ்களில் கட்சியின் இன்றைய நிலைப்பாட்டுக்கு ஒவ்வாத செய்திகளைத் திருத்தி எழுதுவது அவன் தொழில். திருத்திய இதழ் புதிதாக அச்சடிக்கப்பட்டு, பழைய பிரதிகள் தேடித் திரட்டி அழிக்கப்படும். தேவையற்ற தாள்களைப் போடுவதற்குச் சுவர்களில் உள்ள துளைகளுக்கு நினைவுக் குழி என்று பெயர். அவற்றுள் விழும் தாள் நேரே உலைக்குப் போய்விடும். ஒருமுறை வின்ஸ்டனின் மேசைக்குத் தவறுதலாக ஒரு கிழிந்த நாளிதழ்ப் பக்கம் வந்துசேர்கிறது. அதில் உள்ள புகைப்படம், துரோகிகளென்று தண்டிக்கப்பட்ட மூன்று தலைவர்களின் ஒப்புதல் வாக்குமூலம் பொய் என்பதை நிரூபிக்கிறது. குறிப்பிட்ட நாளில் எதிரி நாட்டு மண்ணில் இருந்ததாக அவர்கள் ஒப்புக்கொண்டிருக்க, அதே நாளில் அவர்கள் நியூயார்க்கில் கட்சி விழாவில் நிற்பதை அது காட்டுகிறது. வின்ஸ்டன் அச்சத்தோடு அதை வேறொரு தாளால் மூடிவைக்கிறான். பத்து நிமிடம் பொறுத்து, பார்க்காமலே குழியில் போட்டுவிடுகிறான். கிழிந்த தாள் ஒன்று ஓர் ஆட்சியின் கட்டுக்கதையைக் குலைக்கும் வலிமை பெற்றிருந்தது. அதைக் கையில் வைத்திருந்தவனே அதை அழித்தான்.

ஆர்வெல்லின் உலகில் இந்தத் திருத்த வேலைக்குப் பெரும் ஆள்படை தேவைப்படுகிறது. இன்றைய மின்னூல் அந்தத் தேவையை நீக்கிவிட்டது. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், தன் தளத்தில் ஒரு விற்பனையாளர் பதிப்புரிமை இல்லாமல் விற்ற '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்களை, வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே நீக்கியது. பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத்தின் தலைவர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். காரணம் தணிக்கை அல்ல, பதிப்புரிமைச் சிக்கல்தான். ஆனால் வாங்கியவர் உறங்கும்போது அவருடைய அலமாரியிலிருந்து ஒரு நூலை எடுத்துவிட முடியும் என்பது அன்று உலகறிய நிரூபணமாயிற்று. 2023இல் ரோல்ட் டாலின் குழந்தை நூல்களில் பஃபின் பதிப்பகம் நூற்றுக்கணக்கான திருத்தங்களைச் செய்தபோது, ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய மின்னூல்களிலும் புதிய பாடம் தானாகவே இடம்பெற்றுவிட்டதாகச் செய்திகள் வந்தன. கண்டனம் வலுக்கவே, பழைய பாடமும் தனியே தொடர்ந்து வெளிவரும் என்று பதிப்பகம் அறிவித்தது. மின்னூலில் வாசகர் வாங்குவது பெரும்பாலும் நூலை அல்ல, அதைப் படிப்பதற்கான உரிமத்தை மட்டுமே. நூலகங்களுக்கும் இதே நிலைதான்: 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம், நூலகம் வாங்கும் மின்னூல் ஒன்றை 26 முறை இரவல் கொடுத்ததும் அதன் உரிமம் முடிந்துவிடும் என்று விதித்தது. 1953ஆம் ஆண்டின் பழைய பிரதி 1979இல் சாட்சி சொன்னதுபோல், இத்தகைய நூல் எதிர்காலத்தில் சாட்சி சொல்ல வழியில்லை. சட்டமும் சந்தையும் சேர்ந்து உருவாக்கிய இந்த ஏற்பாட்டை வெறும் வணிக விவகாரமாகக் கருதி ஒதுக்குவது பெரும் பிழை.

தணிக்கை அதிகாரியே இல்லாத உலகிலும் அறிவு அழிய முடியும் என்பதை இவர்களுக்கெல்லாம் முன்பே காட்டியவர் ஈ. எம். ஃபார்ஸ்டர். 1909இல் வெளிவந்த 'தி மெஷின் ஸ்டாப்ஸ்' என்ற அவருடைய நெடுங்கதையில், மனிதர்கள் பூமிக்கு அடியில் அறுகோணச் சிற்றறைகளில் தனித்தனியே வாழ்கின்றனர். உணவும் இசையும் மருத்துவமும் முகம் பார்த்துப் பேசும் வசதியும் பொத்தானை அழுத்தினால் வந்துசேரும். யாவற்றையும் நேரில் கண்டறிவது இழிவென்றும், பலர் வாய் மாறி வந்த கருத்தே உயர்ந்ததென்றும் அங்கே சொற்பொழிவாளர்கள் போதிக்கின்றனர். அந்த மாபெரும் எந்திரத்தை முழுமையாக அறிந்தவர் எவரும் மிஞ்சவில்லை. ஒவ்வொருவருக்கும் தத்தம் பகுதி மட்டுமே தெரியும். இசையில் அபசுரம் தட்டுகிறது, காற்று கெடுகிறது. மக்கள் முதலில் முறையிடுகின்றனர், பின்னர் பழகிவிடுகின்றனர். பழுதுகளைச் சரிசெய்யும் எந்திரமே பழுதாகிவிட்டது என்ற செய்தி வரும்போது, அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

ஜப்பானிய எழுத்தாளர் யோகோ ஒகாவா 1994இல் எழுதி, 2019இல் ஆங்கிலத்தில் வந்த 'தி மெமரி போலீஸ்' இதையும் கடந்து செல்கிறது. பெயரற்ற ஒரு தீவில் பொருள்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. ரோஜாக்கள், பறவைகள், நாள்காட்டிகள் என்று வரிசை நீள்கிறது. பொருள் மறைந்ததும் அதைப் பற்றிய நினைவும் உணர்வும் மக்களிடமிருந்து அகன்றுவிடுகின்றன. மறக்க இயலாதவர்களை நினைவுக் காவலர்கள் தேடிப் பிடிக்கின்றனர். நாவல்கள் மறையும் நாளில் மக்களே தம் புத்தகங்களைக் கொண்டுவந்து தீயில் இடுகின்றனர். அவர்களை யாரும் அச்சுறுத்தத் தேவைப்படவில்லை. கையில் இருக்கும் பொருள் எதற்கென்றே அவர்களுக்குத் தெரியவில்லை.

'ஃபாரன்ஹீட் 451' நாவலின் இறுதியில், ஊருக்கு வெளியே தண்டவாளங்களை ஒட்டி அலையும் ஒரு கூட்டத்தாரை மோன்டாக் சந்திக்கிறான். ஆளுக்கொரு நூலை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் அவர்கள். இவர்களை மனித நினைவின் வெற்றியாக மட்டுமே கொண்டாடுவது வழக்கம். ஆனால் பிராட்பரி எழுதியிருப்பது அதைவிடக் கடினமான ஓர் உண்மை. பிடிபட்டுவிடுவோம் என்ற அச்சத்தால் அவர்களும் படித்து முடித்த நூல்களை எரித்திருக்கிறார்கள்; நுண்படச் சுருள்களில் பதிந்துவைக்கும் முயற்சி நாடோடி வாழ்வுக்கு ஒத்துவராமல் கைவிடப்பட்டது. மோன்டாக் தன்னிடம் பைபிளின் பிரசங்கி ஆகமத்தில் ஒரு பகுதி இருப்பதாகச் சொன்னதும், அவர்களின் தலைவர் கிரேஞ்சர் முதலில் விசாரிப்பது அந்த நூல் ஏற்கெனவே தங்களிடம் உள்ளதா என்பதைத்தான். உள்ளது, யங்ஸ்டவுன் நகரில் ஹாரிஸ் என்ற ஒருவரிடம் இருக்கிறது என்று பதில் வருகிறது. அதனால் மோன்டாக் தேவையில்லை என்று ஆகிவிடவில்லை. பார்த்து நட, உடம்பைப் பேணிக்கொள் என்று கிரேஞ்சர் அவனை எச்சரிக்கிறார். ஹாரிஸுக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால், அந்த நூலுக்கு மோன்டாக்கை விட்டால் வேறு பிரதி கிடையாது.