ஜடேஜா போனார், சென்னையின் நெஞ்சுரம் என்னாகும்?

"ஜடேஜாவைக் கொடுக்க எப்படிங்க மனசு வந்துச்சு?" நவம்பர் 15, 2025-க்குப் பிறகு என் வானொலி நிகழ்ச்சிக்கு அழைத்த நேயர்கள் பலர், பாட்டுக் கேட்பதற்கு முன் கேட்டது இதைத்தான்.

அன்றுதான் சென்னை சூப்பர் கிங்ஸ், ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனை எடுத்துக்கொண்டது. சாம்சனுக்கு 18 கோடி ரூபாய். சென்னைக்காக 12 சீசன் ஆடிய ஜடேஜாவோ 18 கோடியிலிருந்து 14 கோடிக்கு இறங்கிப் போனார்.

தம்பின் வட்டாரத் தோட்டங்களில் ஐபிஎல் பார்ப்பது தூக்கத்தை விற்று வாங்கும் சுகம். நமக்கு ஆட்டம் தொடங்கவே இரவு 10 மணி. 2023 இறுதியாட்டம் மழையில் இழுத்து, நம் நேரப்படி விடியற்காலை 4 மணியளவில்தான் முடிந்தது. பால்மரம் வெட்டப் போகிறவர்கள் எழுந்திருக்கும் நேரம். கடைசி 2 பந்தில் 10 ஓட்டம் வேண்டும். ஜடேஜா ஒரு சிக்சர், ஒரு பவுண்டரி அடித்தார். சென்னைக்கு ஐந்தாவது கிண்ணம் கிடைத்தது. அந்த மனிதரை விட்டுக்கொடுத்தால் கோபம் வரத்தானே செய்யும்?

ஆனால் கோபத்தைத் தள்ளிவைத்துக் கணக்கைப் பாருங்கள். 2024-இல் பெங்களூருவுடன் புள்ளிகள் சமமாக இருந்தும், ஓட்ட விகிதத்தில் பின்தங்கி பிளே ஆஃப் வாய்ப்பு நழுவியது. 2025-இல் 14 ஆட்டங்களில் 4 வெற்றிதான். முதல் முறையாகக் கடைசி இடம். கோட்டை என்று நாம் சொல்லும் சேப்பாக்கத்திலேயே 6 ஆட்டங்களில் 5 தோல்வி. ஜடேஜா, தோனி இருவரும் இருந்தபோதே நடந்தது இது. பழைய முகங்கள் இருந்தால் நெஞ்சுரமும் தானாக இருக்கும் என்பது உண்மையில்லை.

இதே சென்னைதான் 2022 ஏலத்தில் சுரேஷ் ரைனாவை எடுக்காமல் விட்டது. அப்போதும் ரசிகர்கள் கொதித்தார்கள். அந்த ஆண்டு ஒன்பதாம் இடம். அடுத்த ஆண்டே, 50 லட்ச ரூபாய்க்கு எடுத்த ரஹானே போன்றவர்களுடன் கிண்ணம் வென்றது.

இம்முறை பந்தயம் பெரிது. 31 வயது சாம்சன் தொடக்கத்தில் அடித்து ஆடுவார், விக்கெட் கீப்பிங்கும் செய்வார். 44 வயது தோனிக்குப் பின் யார் என்ற கேள்விக்கு அவர் பதில். ஆனால் நடு ஓவர்களில் ஓட்டத்தைக் கட்டிப்போட்டு, பாய்ந்து பிடித்து, கடைசியில் மட்டையும் பிடிக்க யார் இருக்கிறார்கள்? டிசம்பர் ஏலத்தில் 20 வயது பிரசாந்த் வீருக்கு 14.20 கோடி கொடுத்திருக்கிறார்கள். இடக்கைச் சுழல், இடக்கை மட்டை, ஜடேஜாவின் அச்சு. அனுபவம் மட்டும் இன்னும் சேரவில்லை.

10 அணிகளில் 4 மட்டுமே பிளே ஆஃப் போகும். அதற்குப் பெரும்பாலும் 8 வெற்றி வேண்டும். சாம்சனின் மட்டை மூன்று, நான்கு வெற்றி தரலாம். மற்றவை, ஆட்டம் கைநழுவும் நேரத்தில் பந்தைக் கேட்டு வாங்கும் ஓர் இளைஞனிடம் இருக்கின்றன.

அந்தப் பையன் முதல் ஆட்டத்தில் அடி வாங்கினால் உடனே "ஜடேஜா இருந்திருந்தால்" என்று தொடங்காதீர்கள். 2008-இல் ராஜஸ்தானுக்கு ஆட வந்த ஜடேஜாவுக்கும் வயது 19-தான்.