மெத்தையா, பிடிப்பா?

அமெரிக்காவில் குடித்தனம் நடத்தும் நம் பெண்களுக்குப் புடவைக் கடையில் வராத குழப்பம், டயர்க் கடையில் வந்துவிடுகிறது. எல்லாம் ஒரே கறுப்பு; எல்லாம் ஒரே வட்டம். கடைக்காரர் ஒன்றைத் தட்டிக் காட்டி, "இதில் போனால் மெத்தையில் போவது மாதிரி இருக்கும்" என்கிறார். அடுத்ததைக் காட்டி, "இது ரோட்டைப் பிடித்தால் விடாது" என்கிறார். கணவருக்கு இரண்டாவதன் மேல் கண். மனைவிக்கோ பின் ஸீட்டில் தூங்க வேண்டிய குழந்தையும், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரின் முதுகுவலியும் நினைவுக்கு வருகின்றன. பால் வாங்கக்கூடக் காரில் போக வேண்டிய தேசம் அது. பாதி நாள் வண்டியை ஓட்டுகிறவளும் அவளேதான்.

இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. தொல்லையே அதுதான்!

கடையில் கேட்கும் 'ஆல்-சீஸன் டூரிங்' என்ற பெயரை முதலில் பார்த்துவிடுவோம். பனி கொட்டும் மாகாணங்களில் குளிர் வந்ததும் பனி டயர், வெயில் வந்ததும் சாதா டயர் என்று, கம்பளிச் சட்டையை எடுப்பதும் வைப்பதுமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். 1977-இல் குட்இயர் கம்பெனி 'டியெம்போ' என்ற டயரைக் கொண்டுவந்து, வருஷம் முழுவதற்கும் இது ஒன்றே போதும் என்றது. குடும்பஸ்தர்களுக்கு அந்த யோசனை பிடித்துப் போயிற்று. 'டூரிங்' என்றால் நெடும் பிரயாணத்துக்கு ஏற்றது. சத்தமும் தேய்மானமும் குறைவு. டெட்ராய்ட்டிலிருந்து பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குச் சுமார் ஐந்து மணி நேரம் காரில் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமா?

இனி மெத்தைக்கும் பிடிப்புக்கும் உள்ள வழக்கு. ஓடும் காரை ரோட்டோடு சேர்த்து வைத்திருப்பது என்ன தெரியுமா? டயர் ஒன்றுக்கு உள்ளங்கை அகலம் ரப்பர், அவ்வளவே! பள்ளம் மேடு வரும்போது டயரின் பக்கச் சுவர் நெளிந்து கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. அதுதான் சுகம். ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதும் அதே சுவர் நெளிகிறது. கார் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது. இலவம் பஞ்சு மெத்தையில் படுத்தால் சுகம். அதன் மேல் ஏறி வேகமாக நடந்து பாருங்கள், புரியும்.

இந்தச் சுவரின் உயரத்தை டயரின் மேலேயே படித்துவிடலாம். 205/55 ஆர் 16 என்று எழுதியிருந்தால், அகலம் 205 மில்லிமீட்டர். சுவரின் உயரம் அதில் 55 சதவிகிதம், அதாவது ஏறக்குறைய 113 மில்லிமீட்டர். அழகுக்காகப் பெரிய சக்கரம் மாட்டி 225/45 ஆர் 17 போட்டால், சுவர் 101 ஆகக் குறைந்துவிடும். பார்வைக்கு ஜோர், மாமியாரின் முதுகுக்கு வினை. வேக எழுத்து ஒன்றும் இருக்கும். 'டி' மணிக்கு 190 கிலோமீட்டர், 'ஹெச்' 210, 'வி' 240 வரை தாங்கும். அந்த வேகத்தில் யாரும் போகப் போவதில்லை. ஆனால் எழுத்து உயர உயரப் பொதுவாக டயரின் கட்டு விறைப்பாகும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்காட்டாக இரண்டைச் சொல்கிறேன். 2019-இல் வந்த பிரிட்ஜ்ஸ்டோன் 'டுரான்ஸா கொயட்ட்ராக்' பெயரிலேயே மௌனத்தை வைத்துக்கொண்டு வந்தது. 80,000 மைல் உத்தரவாதம். 2020-இல் அமெரிக்காவுக்கு வந்த மிஷலின் 'கிராஸ்கிளைமேட் 2' அம்புமுனை போன்ற வரிகளோடு, பனியையும் ஈரத்தையும் குறிவைத்துச் செய்தது. உத்தரவாதம் 60,000 மைல். மலைச் சிகரமும் பனித்துளியும் பொறித்த முத்திரை அதில் உண்டு. பனிப் பரீட்சையில் தேறிய டயருக்குத்தான் அந்த முத்திரை. வெறும் 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்து, வரிகளின் அமைப்பைப் பார்த்து மட்டும் போடுவது. மிச்சிகனில் இருப்பவள் சிகர முத்திரையைத் தேடட்டும். பனியே பார்க்காத புளோரிடாக்காரி மௌனத்தைத் தேடட்டும்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இந்த இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: மழையில் பிரேக் போட்டால் எப்படி நிற்கும்? குடும்பத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்க சர்க்கார் விதிப்படி டயரின் மேல் 'ஏஏ', 'ஏ', 'பி', 'சி' என்று மார்க்கு இருக்கும். அது ஈர ரோட்டில் நேராக நிற்பதற்கு மட்டும். வளைவில் வழுக்குமா என்பதை அது சொல்லாது. அதற்குப் பல டயர்களை ஒரே ரகக் காரில் மாட்டி ஓட்டிப் பார்க்கும் பத்திரிகைகளின் சோதனை முடிவைத்தான் பார்க்க வேண்டும்.

எவ்வளவு உசத்தியான டயரும் தேய்ந்தால் தண்ணீரைத் தள்ளாது. ஒரு பென்னி காசை லிங்கன் தலைகீழாக இருக்கும்படி வரிப் பள்ளத்தில் செருகுங்கள். தலை உச்சி தெரிந்தால் டயரின் ஆயுள் முடிந்தது. மழைக்காலத்துக்கு அதுகூடப் போதாது. குவார்ட்டர் காசைச் செருகி, வாஷிங்டனின் உச்சி தெரியும்போதே மாற்றிவிடுவது நல்லது. அரை நிமிஷ வேலை. சமையலறை டப்பாவில் காசா இல்லை?

மெத்தை வேண்டும் என்று காற்றைக் குறைத்து ஓட்டுகிறவர்களும் உண்டு. வேண்டாம். சுவர் அதிகம் நெளிந்து சூடேறி, டயர் வெடிக்கவும் கூடும். எவ்வளவு காற்று என்பது டிரைவர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டிய சீட்டில் இருக்கிறது. டயரின் மேல் எழுதியிருப்பது தாங்கக்கூடிய உச்சம், அது வேறு. பாரன்ஹீட்டில் பத்து டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய ஒரு பவுண்டு அழுத்தம் குறையும். 2008 மாடல் முதல் கார்களில் எச்சரிக்கை விளக்கு கட்டாயம்தான். ஆனால் கால்வாசி அழுத்தம் போகும் வரையில்கூட அது பேசாமல் இருக்கலாம்.

கைச்செலவை நினைத்து இரண்டு டயர் மட்டும் வாங்குவதானால், புதியவற்றைப் பின்னால் மாட்டச் சொல்லுங்கள். முன்சக்கரம்தானே இழுக்கிறது என்று கணவர் வாதாடுவார். முன்னால் வழுக்கினால் கார் நேரே போகும். காலை மெள்ள எடுத்தால் அநேகமாக வசப்படும். பின்னால் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும்; கைதேர்ந்தவர்களுக்குக்கூட அதைத் திருப்புவது கஷ்டம்.

புது டயரோடு வீட்டுக்கு வரும் அன்று மழை பெய்தால் நிதானமாக வாருங்கள். அச்சிலிருந்து கழன்று வருவதற்காகத் தடவிய வழுக்குப் பூச்சு அதன் மேல் மிச்சமிருக்கும். முதல் 500 மைல் வரை வளைவுகளில் அவசரம் வேண்டாம்.