பக்கவாத்திய மென்பொருட்களில் தட வரம்பும் வசதிக் கோரிக்கைகளும்

பக்கவாத்திய மென்பொருள் என்பது, ஒரு பாடலின் கார்டு வரிசையையும் வேகத்தையும் இசைப் பாணியையும் கொடுத்தால், அதற்கேற்ற துணை இசையைத் தானே உருவாக்கி இசைக்கும் கணினி மென்பொருள் ஆகும். கார்டு என்பது மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது. தனியாகப் பயிற்சி செய்யும் இசைக்கலைஞர்கள், பாட்டு எழுதுபவர்கள், இசை ஆசிரியர்கள், மடிக்கணினியின் துணையுடன் மேடையேறும் பாடகர்கள் ஆகியோர் இவற்றைப் பயன்படுத்துகின்றனர். இத்தகைய மென்பொருளில் ஒரே பாடலுக்குள் எத்தனை வாத்தியங்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு உள்ள உச்ச அளவே தட வரம்பு எனப்படும். இருக்கும் மென்பொருளில் புதிய வசதி ஒன்றைச் சேர்க்குமாறு பயனர்கள் உருவாக்குநரிடம் கேட்பது வசதிக் கோரிக்கை ஆகும். தடங்களைக் கூட்டித் தருமாறு கேட்பது இக்கோரிக்கைகளுள் அடிக்கடி எழும் ஒன்று. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இதை நிறைவேற்றுவது ஏன் எளிதன்று என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தடம் என்றால் என்ன?

ஒலிப்பதிவில் தடம் அல்லது டிராக் என்பது ஒரு குரலையோ ஒரு வாத்தியத்தையோ தனியே வைத்திருக்கும் பகுதி ஆகும். தனியே இருப்பதால் அதன் ஒலியளவை மட்டும் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். மற்றவை பாதிக்கப்படுவதில்லை.

ஒலிப்பதிவு மென்பொருளில் உள்ள தடம் ஒரு வெற்றுத் தாளைப் போன்றது. யாராவது வாசித்துப் பதிவு செய்தால்தான் அதில் ஒலி இருக்கும். பக்கவாத்திய மென்பொருளின் தடம் அத்தகையதன்று. அங்கே ஒவ்வொரு தடமும் ஒரு வாத்தியக்காரரின் இடத்தில் உள்ளது. கார்டு மாறும்போது பேஸ் கிட்டார் எந்தச் சுரத்தில் இறங்க வேண்டும், பியானோ எப்போது ஒதுங்க வேண்டும், நான்காம் சுற்று முடிவில் டிரம்ஸ் எப்படி உருண்டு வர வேண்டும் என்பவற்றை மென்பொருளே முடிவு செய்கிறது. எனவே, ஒரு தடத்தைக் கூட்டுவது வெற்றுத் தாள் ஒன்றைச் சேர்ப்பதோடு முடிவதில்லை. குழுவில் மற்றவர்களோடு ஒத்துப்போகக்கூடிய இன்னொருவரைச் சேர்ப்பதாகவே அது அமைகிறது.

வரம்புகள் தோன்றும் இடங்கள்

தட வரம்புக்குப் பொதுவாக ஐந்து காரணங்கள் உள்ளன.

முதலாவது மிடி நெறிமுறை. மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ள 1983 ஆம் ஆண்டில் வெளியான இத்தரத்தில், ஓர் இணைப்பில் 16 அலைவரிசைகள் மட்டுமே உண்டு. அலைவரிசை எண்ணைக் குறிக்க நான்கு பிட்டுகள் ஒதுக்கப்பட்டதே இதற்குக் காரணம். நான்கு பிட்டுகளால் 16 வேறுபட்ட எண்களைத்தான் குறிக்க இயலும். ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு வாத்திய ஒலியே ஒலிக்கும் என்பதால், 17 ஆவது வாத்தியத்திற்கு இரண்டாவது இணைப்பு தேவைப்படுகிறது. யமாகா நிறுவனத்தின் கீபோர்டுகளில் பயன்படும் பாணிக் கோப்புகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவற்றில் பக்கவாத்தியப் பகுதிகள் எட்டு: இரண்டு தாளப் பகுதிகள், ஒரு பேஸ், இரண்டு கார்டு பகுதிகள், ஒரு பேட், இரண்டு சொற்கட்டுப் பகுதிகள். இவை 9 முதல் 16 வரையுள்ள அலைவரிசைகளில் அமைகின்றன. 2020 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட மிடி 2.0 தரம் 16 குழுக்களில் மொத்தம் 256 அலைவரிசைகளுக்கு இடமளிக்கிறது.

இரண்டாவது கோப்பு வடிவம். பாடலைச் சேமிக்கும் கோப்பில் எந்தத் தகவல் எந்த இடத்தில் எத்தனை பைட்டுகளில் இருக்கும் என்பது தொடக்கத்திலேயே வகுக்கப்படுகிறது. ஒரு பைட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 255. மென்பொருட்களின் உச்ச வரம்புகளில் 255, 16 போன்ற எண்கள் அடிக்கடி தென்படுவதற்கு இத்தகைய கணக்குகளே காரணமாகின்றன.

மூன்றாவது கணினியின் திறன். குறுந்தட்டுத் தரத்திலான ஸ்டீரியோ ஒலி ஒரு நொடிக்கு 1,76,400 பைட்டுகளை, அதாவது நிமிடத்திற்கு ஏறத்தாழ 10.6 மெகாபைட்டை எடுத்துக்கொள்கிறது. நான்கு நிமிடப் பாடலில் 24 தடங்கள் இருந்தால் ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் ஆகும். இன்றைய கணினிக்கு இது பெரிதன்று. 1990களின் தொடக்கத்துக் கணினிக்கோ மிகப் பெரிய அளவு. மேலும், இசைக்கும்போது எல்லாத் தடங்களையும் ஒரே நேரத்தில் படித்து, வேகத்தையும் சுருதியையும் மாற்றிக் கலக்க வேண்டும்.

நான்காவது திரை. ஒவ்வொரு தடத்திற்கும் ஒலியளவு, இடம் வலம் சமன், எதிரொலி ஆகியவற்றுக்கான கட்டுப்பாடுகள் தேவை. எட்டுத் தடங்களுக்கு வரையப்பட்ட பலகையில் 24 தடங்களை அடைத்தால் எழுத்துகள் சிறுத்துப்போகும். திரைப்படிப்பான் துணையுடன் பணியாற்றும் பார்வையற்ற இசைக்கலைஞர்கள் வேண்டிய தடத்தை அடைவதற்குள் பல கட்டுப்பாடுகளைக் கடந்து செல்ல நேரிடும்.

ஐந்தாவது வணிகம். புரோ டூல்ஸ் இன்ட்ரோ என்னும் இலவசப் பதிப்பு 8 ஒலித் தடங்களோடு நின்றுவிடுகிறது. ஏபில்டன் லைவ் இன்ட்ரோ 16 தடங்களோடு நிற்கிறது. அதே மென்பொருட்களின் விலை கூடிய பதிப்புகளில் இவ்வரம்புகள் தளர்கின்றன. இங்கே வரம்பு தொழில்நுட்பத்தால் வருவதன்று. எந்தப் பதிப்பை என்ன விலைக்கு விற்பது என்ற முடிவால் வருவது.

ஒரு வரம்பு இவற்றுள் எதனால் வந்தது என்பதை அறிந்தால், அது நீங்கக்கூடியதா என்பதையும் ஊகிக்கலாம். வணிக வரம்பை ஒரே நாளில் தளர்த்த முடியும். கோப்பு வடிவத்தில் ஊறிய வரம்பை மாற்றப் பல ஆண்டுகள் ஆகலாம்.

நாடாக் காலத்து அனுபவம்

தட வரம்பு கணினியோடு பிறந்ததன்று. பீட்டில்ஸ் குழுவினர் 1967 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சார்ஜென்ட் பெப்பர்' இசைத்தொகுப்பு, இலண்டனில் உள்ள ஈஎம்ஐ ஒலிப்பதிவுக் கூடத்தில் நான்கு தட நாடா இயந்திரங்களைக் கொண்டு பதிவு செய்யப்பட்டது. நான்கு தடங்களும் நிறைந்ததும் அவற்றைக் கலந்து இன்னொரு இயந்திரத்தின் ஓரிரு தடங்களுக்கு மாற்றி, எஞ்சிய தடங்களில் புதிய பகுதிகளைப் பதிவு செய்தனர். இம்முறையில் இரண்டு இழப்புகள் உண்டு. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் நாடாவின் இரைச்சல் கூடும். கலந்த பின்னர் அதிலுள்ள ஒரு வாத்தியத்தை மட்டும் திருத்த இயலாது.

1979 ஆம் ஆண்டில் டியாக் நிறுவனம் வெளியிட்ட போர்ட்டாஸ்டூடியோ, சாதாரண ஒலிநாடாப் பேழையில் நான்கு தடங்களை வீட்டிலேயே பதிவு செய்ய வழிவகுத்தது. தடங்கள் தீரும்போது கலந்து ஒதுக்கிவைக்கும் பழைய உத்தியையே அதன் பயனர்களும் கையாண்டனர். பக்கவாத்திய மென்பொருளில் வரம்பை எட்டியவர்கள் இன்று செய்வதும் ஏறத்தாழ அதுவே. உருவான இசையை ஒலிக்கோப்பாக மாற்றி, வேறொரு மென்பொருளில் சேர்த்துக்கொள்கின்றனர். அப்படி மாற்றியபின் கார்டு ஒன்றைத் திருத்த வேண்டியிருந்தால், தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் செய்ய வேண்டும்.

எட்டிலிருந்து இருபத்துநான்கு

இத்துறையில் பரவலாக அறியப்பட்ட மென்பொருள் பேண்ட் இன் எ பாக்ஸ். கனடாவின் பிரித்தானியக் கொலம்பியா மாகாணத்து விக்டோரியா நகரில் உள்ள பிஜி மியூசிக் நிறுவனம் இதனை உருவாக்குகிறது. நிறுவனர் பீட்டர் கேனன். முதல் பதிப்பு 1990 ஆம் ஆண்டில் வந்தது. கட்டங்களில் கார்டுகளைத் தட்டச்சு செய்து, பாணியைத் தேர்ந்தெடுத்து, இசைக்கும் பொத்தானை அழுத்துவதே இதன் அடிப்படை முறை. பிற்காலப் பதிப்புகளில் ரியல்டிராக்ஸ் எனப்படும் வசதி சேர்ந்தது. தொழில்முறைக் கலைஞர்கள் வாசித்துப் பதிவு செய்த பகுதிகளைப் பாடலின் கார்டுகளுக்கும் வேகத்திற்கும் ஏற்ப மென்பொருள் பொருத்தித் தருவதே அவ்வசதி.

இம்மென்பொருளின் தடங்கள் நெடுங்காலம் ஒரு சிறிய இசைக்குழுவின் வடிவில் இருந்தன: பேஸ், பியானோ, டிரம்ஸ், கிட்டார், தந்திக் கருவிகள், மெட்டு, தனி வாசிப்பு, இவற்றோடு பயனர் பதிவு செய்யும் ஒலித் தடம் ஒன்று. ஒவ்வொரு தடமும் வாத்தியத்தின் பெயரைத் தாங்கியிருந்தது. பியானோத் தடத்தில் மேண்டலினை வைத்தாலும் தடத்தின் பெயர் பியானோவாகவே நிற்கும். இரண்டு கிட்டார்கள், ஓர் ஆர்கன், கைத்தாளக் கருவிகள் ஆகியவற்றைச் சேர்க்க விரும்பியவர்கள், வேறு வேலைக்கென ஒதுக்கப்பட்ட தடங்களைக் கடன்வாங்க வேண்டியிருந்தது. ஒரே தடத்தில் பல கருவிகளை மாறி மாறியோ சேர்ந்தோ ஒலிக்கச் செய்யும் மெட்லி வசதியும், உடன் வழங்கப்படும் ரியல்பேண்ட் என்ற 48 தட மென்பொருளும் இடைக்கால வழிகளாக இருந்தன.

விண்டோசுக்கான 2021 பதிப்பில், யூட்டிலிட்டித் தடங்கள் என்ற பெயரில் 16 புதிய தடங்கள் சேர்க்கப்பட்டன. மொத்தம் 24 ஆயிற்று. எண்ணிக்கை கூடியதைவிட முதன்மையான மாற்றம் வேறொன்று. புதிய தடங்களுக்கு வாத்தியப் பெயர் இல்லை. எந்தக் கருவியையும் எதிலும் வைக்கலாம். ஐந்து பேர் கொண்ட குழு என்ற பழைய கற்பனையிலிருந்து, பயனரே குழுவை அமைத்துக்கொள்ளலாம் என்ற கற்பனைக்கு மென்பொருள் நகர்ந்தது.

கட்டற்ற மென்பொருளில் வரம்பு

வணிக நோக்கு இல்லாத இடத்திலும் வரம்பு முற்றிலும் மறைவதில்லை. எம்எம்ஏ என்பது உரைக்கோப்பில் எழுதிய கார்டுகளைப் படித்து மிடிக் கோப்பாக மாற்றித் தரும் கட்டற்ற மென்பொருள் ஆகும். பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. இதில் பேஸ், கார்டு, டிரம் போன்ற வகைகளின்கீழ்ப் பயனர் தமக்கு வேண்டிய பெயரில் புதிய தடங்களை அமைக்கலாம். ஆயினும் உருவாகும் கோப்பு மிடிக் கோப்பு என்பதால் 16 அலைவரிசை வரம்பு அங்கும் குறுக்கிடுகிறது. அதற்காகவே, ஒரே நேரத்தில் ஒலிக்காத தடங்கள் ஓர் அலைவரிசையைப் பகிர்ந்துகொள்ள ஒரு கட்டளை தரப்பட்டுள்ளது. வரம்பை நீக்க இயலாதபோது, அதனோடு வாழும் வழியை அமைத்துக் கொடுப்பதும் உருவாக்குநரின் விடைகளுள் ஒன்று என்பதற்கு இது சான்று.

பயன்தரும் கோரிக்கை

தடங்களை நூறாக்க வேண்டும் என்று மட்டும் கேட்கும் கோரிக்கை, உருவாக்குநருக்கு மிகக் குறைந்த தகவலையே தருகிறது. நூறு தடங்கள் எதற்கு என்பது அதில் இல்லை. மாறாக, ஒரு கிட்டார் தாளமும் மற்றொரு கிட்டார் சுரக்கோவையும் வாசிக்க வேண்டும், இரண்டின் ஒலியளவையும் தனித்தனியே மாற்ற வேண்டும், இப்போது இரண்டும் ஒரே தடத்தில் கலந்துவிடுகின்றன என்று எழுதினால், தேவை என்னவென்பது தெளிவாகிறது. அதற்குத் தடங்களைக் கூட்டுவது ஒரு தீர்வு. இருக்கும் தடத்திற்குள் ஒவ்வொரு கருவிக்கும் தனி ஒலியளவு தருவது இன்னொரு தீர்வு. எது எளிது என்பதை உருவாக்குநரே அறிவார்.

நல்ல கோரிக்கையில் பொதுவாக நான்கு செய்திகள் இருக்கும்: செய்ய விரும்பும் இசைப்பணி, இப்போது அது எந்த இடத்தில் தடைப்படுகிறது, தற்போது கையாளும் மாற்று வழி, அவ்வழியில் ஏற்படும் இழப்பு. பயன்படுத்தும் பதிப்பு எண்ணையும் இயங்குதளத்தையும் குறிப்பிடுதல் வேண்டும். கேட்கும் வசதி ஏற்கனவே வேறு பெயரில் இருக்கக்கூடும் என்பதால் கையேட்டைப் பார்த்துவிட்டு எழுதுவது இருவர் நேரத்தையும் காக்கும்.

உருவாக்குநர் தயங்குவதற்கும் ஒரு நியாயம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் சேமித்த பாடல்கள் புதிய பதிப்பிலும் முன்போலவே ஒலிக்க வேண்டும் என்று பயனர் எதிர்பார்க்கின்றனர். ஓர் ஆசிரியர் தம் மாணவர்களுக்காக நூற்றுக்கணக்கான பயிற்சிப் பாடல்களைச் சேர்த்து வைத்திருக்கலாம். கோப்பு வடிவம் மாறியதால் அவை திறக்காமல் போனால், புதிய தடங்கள் அவருக்கு ஆதாயம் ஆகா. புதிய பதிப்பில் 24 தடங்களுடன் சேமித்த பாடலைப் பழைய பதிப்பு வைத்திருக்கும் நண்பருக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதும் முன்கூட்டியே தீர்க்கப்பட வேண்டிய கேள்வி.

எத்தனை தடங்கள் போதும்?

இதற்கு ஒரே விடை இல்லை. பியானோ, பேஸ், டிரம்ஸ் ஆகிய மூன்றே கருவிகள் கொண்ட குழு ஜாஸ் இசையில் நிறைவான வடிவமாகக் கருதப்படுகிறது. பயிற்சிக்கு மட்டும் பயன்படுத்துபவருக்கு அந்த மூன்று தடங்களே போதுமானவை. முழுப் பாடலை உருவாக்கி வெளியிட விரும்புபவருக்கு இருபது தடங்களும் குறைவாகத் தோன்றலாம். பக்கவாத்தியம் என்ற சொல்லே அதன் இடத்தை உணர்த்துகிறது. பாடுபவருக்கு இடம் விட்டு, அவருக்குப் பக்கத்தில் நிற்பது அது. எல்லாத் தடங்களும் இடைவிடாது ஒலித்தால் பாடுபவரின் குரல் அமிழ்ந்துபோகும். தடங்களின் எண்ணிக்கை கூடும்போது, எதை எப்போது நிறுத்துவது என்ற பொறுப்பும் பயனரிடம் கூடுகிறது.