கையெழுத்து இல்லாத தாள்

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்துக் கோவில். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையிலும் பாதி வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. லயம் இல்லை, கோவில் நிற்கிறது. போன வருடம் திருவிழா முடிந்த மூன்றாம் வாரம், சங்கப் பதிவிலாகாவிலிருந்து கணக்குக் கேட்டு ஒரு கடிதம் வந்தது. கூட்டம் கூடியதும் தலைவர் அதைத் தூக்கிக் காட்டினார்.

"யாருலா ரிப்போர்ட் பண்ணது?"

பத்து நிமிடத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பொருளாளர் ஒரு பெண்; ஈப்போவில் கணக்கு வேலை பார்ப்பவர். கூடாரம் போட்டவரிடம் ரசீது வாங்கியாச்சா என்று இரண்டு முறை கேட்டிருந்தார். "அதுக்குத்தானே மலாயில லெட்டர் எழுதத் தெரியும்" என்றார் ஒரு பெரியவர். அதுதான் ஆதாரம், வேறு ஒன்றும் கிடையாது. அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. சாவியையும் கணக்குப் புத்தகத்தையும் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கடிதத்தை நான் பிறகு வாங்கிப் படித்தேன். ஆண்டறிக்கை அனுப்பாத சங்கங்களுக்குப் போகிற வழக்கமான நினைவூட்டல். யாரும் யார் மீதும் புகார் கொடுத்திருக்கவில்லை.

காட்டிக்கொடுத்தவர்களைப் பற்றி எழுதுங்கள் என்று இதழாசிரியர் கேட்டபோது, பெரிய துரோகிகள் நாலு பேரை எதிர்பார்த்திருப்பார். எனக்கோ அந்தப் பெரியவர் சொன்னதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்டுபிடித்த வாதமல்ல அது. பேராக் மண்ணில் அதற்கு வயது அதிகம்.

தஞ்சோங் மாலிமை எடுத்துக்கொள்வோம். பேராக்கின் தெற்கு முனை, தாண்டினால் சிலாங்கூர். கம்யூனிஸ்டுகளை எதிர்த்துப் பிரிட்டிஷ் அரசு அவசரகாலம் அறிவித்திருந்த நாட்கள். 1952 மார்ச் கடைசியில், உடைக்கப்பட்ட தண்ணீர்க் குழாயைப் பழுதுபார்க்கப் போன குழுவைக் கம்யூனிஸ்டுகள் காட்டோரம் மறைந்திருந்து சுட்டார்கள். உதவி மாவட்ட அதிகாரி உட்படப் பலர் இறந்தனர். புதிதாக வந்திருந்த ஹைகமிஷனர் ஜெரால்ட் டெம்ப்ளர் நேரே ஊருக்கு வந்தார். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வைத்துக் கடிந்துகொண்டார். ஊர் முழுவதற்கும் தண்டனை: நாளில் இருபத்திரண்டு மணி நேரம் ஊரடங்கு, பள்ளி மூடல், பஸ் நிறுத்தம், அரிசி அளவும் வெட்டு.

அதன்பின் வந்ததுதான் நம் கதை. வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். தெரிந்ததை எழுதலாம், பெயர் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். நிரப்பினாலும் சரி, வெறுமையாக விட்டாலும் சரி, எல்லா வீடும் தாளைத் திருப்பித் தர வேண்டும். அப்போதுதான் எழுதியவர் யார் என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. பூட்டிய பெட்டிகளில் தாள்கள் கோலாலம்பூருக்குப் போயின. கூடவே ஊர்ப் பிரதிநிதிகளையும் அழைத்துப்போய், அவர்கள் கண் முன்னாலேயே டெம்ப்ளர் பெட்டியைத் திறந்தார். பிறகு பலர் கைதானார்கள், ஊரடங்கும் தளர்ந்தது.

கெட்டிக்கார ஏற்பாடுதான். தகவல் கொடுத்தவனுக்கு உயிர்ப் பாதுகாப்பு. ஆனால் கொடுக்காதவனுக்கு? 'நான் எழுதவில்லை' என்பதை எப்படி நிரூபிப்பது? தாளில் பெயர் இல்லை. எழுதியவன் தப்பிக்க இருந்த அதே வழி, எழுதாதவனை மாட்டிவிட்டது. ஒரு மொட்டைக் கடுதாசி வந்தால் ஊரில் நாலு பேரைச் சந்தேகிப்போம். இங்கே ஊரே மொட்டைக் கடுதாசி எழுதியது.

சந்தேகத்துக்கு எழுதத் தெரிந்த கை ஒன்று தேவைப்பட்டது. தோட்டங்களில் அது யாருடைய கை? கிராணி, டிரெசர், தமிழ்ப்பள்ளி வாத்தியார், தொழிற்சங்கக் கிளைச் செயலாளர். துரையிடம் நின்று நாலு வார்த்தை பேசத் தெரிந்தவர்கள். அவசரகாலத்தில் தோட்ட லயங்களை ஓரிடத்தில் சேர்த்துக் கம்பி வேலி போட்டார்கள். விடிகாலை வாசலில் உடல் சோதனை. பால் வெட்டப் போகிறவர் சோறு கொண்டுபோகக் கூடாது. கடையில் டின் வாங்கினால் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள், காட்டுக்குப் போய்ச் சேராமல் இருக்க. இப்படி அடைபட்ட இடத்தில் ஒருவரைப் போலீஸ் பிடித்துப் போனால், நேற்றுச் சாயந்தரம் ஆபீஸ் பக்கம் போனது யார் என்றுதான் லயம் யோசிக்கும். போனவர் மருந்து வாங்கப் போயிருக்கலாம். உள்ளே போலீஸ் பிடிக்கும்; வெளியே காட்டுக்காரர்கள் ஆள்காட்டி என்று பெயர் விழுந்தவரைக் கொன்றார்கள். அந்தப் பெயர் சரியாகத்தான் விழுந்ததா என்று எந்தக் கோர்ட்டும் விசாரித்ததில்லை.

ஆள்காட்டி. எவ்வளவு துல்லியமான சொல். வயலில் மனித அரவம் கேட்டதும் கத்துகிற குருவிக்கும் அதே பெயர், நீட்டுகிற விரலுக்கும் அதே பெயர். யாழ்ப்பாணத்தில் 'தலையாட்டி' என்றார்கள்: முகத்தை மூடி உட்கார்ந்து, வரிசையில் வருகிறவர்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைப்பவர். நம்மிடம் விரல், அங்கே தலை. இரண்டு இடத்திலும் வாய்க்கு வேலை இல்லை.

சரி, நிஜமாகவே காட்டிக்கொடுத்தவர் யார்? மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் வரலாற்றில் மிகப்பெரிய ஆள்காட்டி அதன் பொதுச்செயலாளரே. லாய் டெக். முதலில் பிரிட்டிஷ்காரர்களுக்கு, பிறகு ஜப்பானியருக்கு. 1942 செப்டம்பர் 1 அன்று பத்துமலை அருகே கூடிய தலைவர்களை ஜப்பானியர் சுற்றி வளைத்துக் கொன்றார்கள். கூட்டத்துக்கு வரவேண்டியவர் வரவில்லை. கார் கோளாறு என்றார். போர் முடிந்ததும் அவர் மீது வெளிப்படையாகவே குற்றச்சாட்டு வந்தது, கட்சி நம்பவில்லை. 1947இல் கட்சிப் பணத்தோடு மறைந்த பிறகுதான் விழித்துக்கொண்டது. அடுத்துப் பொறுப்புக்கு வந்தவர் சித்தியவானில் பிறந்த சின் பெங். உச்சியில் இருந்தவனைக் காணப் பல வருடம் பிடித்தது. கிராணியைச் சந்தேகிக்க ஒரு சாயந்தரம் போதும்.

தகவல் கொடுத்தவர்களால்தான் அவசரகாலப் போர் சீக்கிரம் முடிந்தது, உயிர்கள் தப்பின என்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். ஈப்போவை அடுத்த பாப்பானில் ஜப்பானியரை எதிர்த்த கெரில்லாக்களுக்கு ரகசியமாக மருத்துவம் பார்த்து, 1943இல் ஜப்பானியரிடம் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்ட சிபில் கார்த்திகேசு வீட்டு வாசலில் நின்று அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

ஜெர்மனியில் 1992 முதல் பழைய கிழக்கு ஜெர்மனி உளவுத்துறைக் கோப்புகளை மக்கள் போய்ப் படிக்கலாம். நண்பன்தான் சொன்னான் என்று தெரிந்து உடைந்தவர்கள் உண்டு. இத்தனை வருடம் சந்தேகித்த மைத்துனன் ஒன்றுமே சொல்லவில்லை என்று தெரிந்து தலைகுனிந்தவர்களும் இருந்திருப்பார்கள். நம் தோட்டத்துக் கிராணிக்கு அப்படி ஒரு கோப்பு இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டு, சனங்கள் பட்டணம் போய், பேரன் கல்யாணத்தில் பெண்வீட்டுக்காரர் விசாரிக்கும்போதுகூட, 'அவங்க தாத்தா கொஞ்சம் அந்த மாதிரி' என்று ஒரு குரல் தணிந்து வரும்.

எனக்குள்ள பயம் வேறு. மலாயில் கடிதம் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இப்போது லயத்துக்கு ஒருவரல்ல, வீட்டுக்கு இரண்டு பேர். ஆனாலும் கோவில் கணக்கோ பெற்றோர் சங்கக் குறிப்போ, எழுதும் வேலை என்றால் யாரும் முன்வருவதில்லை. கேட்டால் 'எதுக்கு வம்பு' என்கிறார்கள். அந்த வம்பு எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. தஞ்சோங் மாலிம் என்றால் அவர்களுக்குச் சூடான பாவ் விற்கிற ஊர்.

இந்த மாதம் கோவிலில் நிர்வாகத் தேர்தல் நடந்தது. தலைவருக்கு மூன்று பேர் போட்டி. பொருளாளர் என்று வாசித்ததும் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். எழுதத் தெரிந்தவர்கள் பதினைந்து பேராவது உட்கார்ந்திருந்தோம், என்னையும் சேர்த்து. ஆண்டறிக்கை இந்த வருடமும் போகவில்லை.